கடலில் மறைந்த படைவீரரைத் தேடிக் கண்டு பெயர் நிறுத்துவது எப்படி

கப்பலோடு மூழ்கிப் போன வீரருக்குக் கல்லறை கிடையாது. மிஞ்சுவது ஒரு பெயர், ஒரு படை எண், ஒரு தேதி. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையிலும் கடற்படையிலும் வணிகக் கப்பல்களிலும் இருந்து கடலில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் ஏதோ ஒரு நினைவுச்சின்னத்தில் இருக்கிறது. ஆனால் குடும்பத்தார் அதைப் பார்த்ததில்லை, எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதுமில்லை. அந்தப் பெயரைத் தேடுவது, சரிபார்ப்பது, விடுபட்டிருந்தால் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிப்பது, பிறகு வீட்டிலோ ஊரிலோ முறையாக நினைவு நிறுத்துவது ஆகியவற்றைச் செய்யும் வழி இது. முதன்முறையாகத் தேடுபவர்களுக்காக எழுதப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அவசரப்பட்டு வேறொருவரின் பெயரைத் தாத்தாவின் பெயராக ஏற்றுக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. முத்துசாமிகளும் ராமசாமிகளும் அந்தோணிகளும் அந்தப் பட்டியல்களில் ஏராளம். தவறான ஆளுக்குக் கல் நட்டால் இரண்டு குடும்பங்களுக்கு அநீதி செய்ததாகும்.

முதலில் வீட்டில் இருப்பதைத் திரட்டுங்கள்

இணையத்தைத் திறக்கும் முன் டிரங்குப் பெட்டியைத் திறங்கள். தேட வேண்டியவை: பதக்கங்கள், குடும்ப ஓய்வூதியப் புத்தகம், தந்தி, படைப்பிரிவிலிருந்து வந்த கடிதம், அவர் எழுதிய கடிதங்களின் உறைகள், சீருடையில் எடுத்த படம்.

இவற்றுள் பதக்கம்தான் தங்கம். பிரிட்டனில் வழங்கப்பட்ட இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களில் பெயர் இருக்காது. இந்தியப் படையினருக்கு வழங்கப்பட்டவற்றில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 1939–45 ஸ்டார், பர்மா ஸ்டார், பசிபிக் ஸ்டார் போன்ற நட்சத்திரப் பதக்கங்களில் எழுத்து பின்பக்கத்தில் இருக்கும். வட்டப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி ஓடும். முதல் உலகப் போரில் இறந்தவரின் வீட்டில் 12 செ.மீ. அகலமுள்ள வெண்கலத் தட்டு ஒன்றும் இருக்கலாம். அதில் பெயர் மட்டுமே உண்டு. பதவியோ எண்ணோ இருக்காது, ஆகவே அதை மட்டும் வைத்து ஆளைப் பிடிக்க முடியாது.

பதக்கத்தைப் படிக்கும் முன் துலக்காதீர்கள். ஆண்டுதோறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்ததால்தான் பல பதக்கங்களில் எழுத்து மழுங்கியிருக்கிறது. இருட்டறையில் வைத்து, கைப்பேசி விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து, பதக்கத்தின் மட்டத்திலேயே ஒளி படும்படி பிடியுங்கள். ஆழமற்ற பொறிப்பும் நிழல் விழுந்து தெரியும். விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி எட்டு, பத்துப் படங்கள் எடுத்தால் முழு வரியும் கிடைத்துவிடும். படிக்க முடியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் அந்த இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். 3, 5, 8 ஆகியவை தேய்ந்துவிட்டால் ஒன்றுபோலவே தெரியும்.

கடித உறைகளில் உள்ள முத்திரையையும் பாருங்கள். களத்து அஞ்சலகத்தின் எண்ணும் தேதியும் அதில் இருக்கும். அவர் எந்த மாதம் எந்தப் பகுதியில் இருந்தார் என்பதற்கு வீட்டுக் கதைகளைவிட அது உறுதியான சான்று.

வீட்டுக் கதைகளையும் விட்டுவிட வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள். “கப்பலில் குண்டு போட்டார்கள்” என்பது போன்ற சொல் பல கைமாறி வந்தது. கப்பல் மூழ்கியது உண்மையாக இருக்கலாம், அல்லது சிங்கப்பூருக்குக் கப்பலேறிப் போனவர் அங்கே நிலத்தில் இறந்திருக்கலாம். முதியவர்களிடம் “எப்படி இறந்தார்?” என்று கேட்பதைவிட, “கடைசிக் கடிதம் எப்போது வந்தது? பாட்டிக்கு ஓய்வூதியம் எந்த வருஷத்திலிருந்து வந்தது? கூடப் போன ஊர்க்காரர் யார்?” என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும். கூடப் போனவர் திரும்பி வந்திருந்தால் அவர் வீட்டுப் பதக்கத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே படைப்பிரிவில் ஒன்றாகச் சேர்ந்தவர்களின் படை எண்கள் அடுத்தடுத்து வரலாம்.

படை எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அந்நாளைய இந்தியப் படையில் ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனி எண்வரிசை வைத்திருந்தது. அதே எண் மெட்ராஸ் சாப்பர்ஸில் ஒருவருக்கும் ராணுவப் போக்குவரத்துப் படையில் இன்னொருவருக்கும் இருக்கலாம். எண்ணும் படைப்பிரிவும் சேர்ந்தால்தான் அடையாளம்.

அவர் எந்த வகையினர்?

பெயர் எங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் எங்கே இறந்தார் என்பதைப் பொறுத்ததல்ல, எதில், எந்தக் களத்தில் பணிபுரிந்தார் என்பதைப் பொறுத்தது. புதியவர்கள் இங்கேதான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கடலில் இறந்தார் என்பதற்காகத் தரைப்படை வீரரைக் கடற்படை நினைவுச்சின்னத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

தரைப்படை வீரர் மலாயா, சிங்கப்பூர், இந்தோனேசியக் களங்களைச் சேர்ந்தவரென்றால் சிங்கப்பூரில் கிராஞ்சியிலுள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் தேடுங்கள். கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. ஜப்பானியர் கைதிகளாகப் பிடித்து வேறு தீவுகளுக்குக் கப்பலில் கொண்டுபோகும்போது கடலில் இறந்தவர்களும் அதில் அடக்கம். பர்மா களத்தைச் சேர்ந்தவர் என்றால் யாங்கூனுக்கு அருகே தவுக்யானிலுள்ள ரங்கூன் நினைவுச்சின்னம். எகிப்து, லிபியா பக்கம் என்றால் அலமைன். களத்துக்குப் போகாமல் இந்தியப் பணியிலேயே இருந்தவர், அல்லது கல்லறை பராமரிக்க முடியாத இடத்தில் இருப்பவர் என்றால் டெல்லி/கராச்சி 1939–1945 நினைவுச்சின்னங்கள்.

இந்தியக் கடற்படையினரும் இந்திய வணிகக் கப்பல் பணியாளர்களும் பம்பாய்/சிட்டகாங் 1939–1945 நினைவுச்சின்னங்களில் இருக்கிறார்கள். கடற்படையினர் 400-க்கும் மேல், வணிகக் கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். முதல் உலகப் போரில் கடலே கல்லறையான இந்திய மாலுமிகள் 2,000-க்கும் மேற்பட்டோருக்குப் பம்பாயில் தனி நினைவுச்சின்னம் உண்டு. இரண்டு ஊர்ப் பெயர்கள் சாய்கோட்டுடன் சேர்ந்து வருவதைக் கண்டு குழம்ப வேண்டாம். பிரிவினைக்குப் பின் இரு நாடுகளிலும் ஒரே பெயர்ப்பட்டியல் வைக்கப்பட்டிருக்கிறது.

பிரிட்டிஷ் ராயல் நேவியில் பணியாற்றியவர் என்றால் அவர் எந்தத் தாய்த்துறைமுகத்தின் கீழ் பதிவாகியிருந்தார் என்பதைப் பொறுத்து சாத்தம், போர்ட்ஸ்மத், பிளிமத் மூன்றில் ஒன்று.

ஒரே கப்பலில் ஒரே நிமிடத்தில் இறந்தவர்கள் நான்கு நாடுகளில் பிரிந்து கிடப்பது இதனால்தான். 1944 பிப்ரவரி 12 அன்று மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த ‘கெடிவ் இஸ்மாயில்’ என்ற படைக்கப்பலை மாலத்தீவு அருகே ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 தாக்கியது. இரண்டு, மூன்று நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 1,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கப் பீரங்கிப்படையினரின் பெயர்கள் நைரோபியில் உள்ளன. அதில் இருந்த ராயல் நேவியினர் இங்கிலாந்துத் துறைமுகங்களில். இந்தியக் கப்பல் பணியாளர்களைத் தேட வேண்டிய இடம் பம்பாய்/சிட்டகாங்.

இந்த வழியில் கிடைக்காதவர்களும் உண்டு. 1942 முதல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களுக்கு டெல்லியிலுள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஐ.என்.ஏ. கோப்புகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1947-க்குப் பின் இறந்தவர்களுக்கும் பாதை வேறு. 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் மூழ்கிய ஐ.என்.எஸ். குக்ரியில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். அவர்களுக்கு டையூவில் நினைவுச்சின்னம் இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்கு டெல்லியில் 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் பெயர்கள் உள்ளன. அந்தக் குடும்பங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து தொடங்கினால் போதும்.

பெயரைத் தேடுதல்

உலகப் போர்களில் இறந்தவர்களின் கல்லறைகளையும் நினைவுச்சின்னங்களையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 1917-இல் தொடங்கப்பட்டது. இரு உலகப் போர்களிலும் இறந்த ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பதிவுகள் அதன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்கு 3 செப்டம்பர் 1939 முதல் 31 டிசம்பர் 1947 வரை இறந்தவர்களை அது எடுத்துக்கொள்கிறது. போர் முடிந்த பின் 1946-இல் இறந்தவரும் பணியில் இருந்திருந்தால் இதில் வருவார்.

தேடும்போது இப்படிச் செய்யுங்கள்:

1. குடும்பப்பெயர் என்ற கட்டத்தில்தான் பெயரை இட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் அந்த ஒரே கட்டத்தில்தான் பதிவாகியிருக்கின்றன. முதற்பெயர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதில் எதையாவது போட்டால் சரியான பதிவு விலகிப்போகும்.

2. முழுப் பெயரை இடாமல் முதல் மூன்று, நான்கு எழுத்துகளை இட்டு, ‘இதில் தொடங்கும்’ என்ற தெரிவை எடுங்கள்.

3. படை: இந்தியப் படை. சேவை: தரைப்படை, கடற்படை, வணிகக் கப்பல் ஆகியவற்றில் ஒன்று. போர்: இரண்டாவது.

4. நிறைய முடிவுகள் வந்தால் அட்டவணைக் கோப்பாகத் தரவிறக்கி, கூடுதல் தகவல் பத்தியில் ஊர்ப்பெயரைத் தேடுங்கள்.

எழுத்துக்கூட்டல்தான் பெருந்தொல்லை. சேர்க்கை முகாமில் இருந்த எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். சாமி என்பது ‘சாமி’, ‘சுவாமி’, ‘சாவ்மி’ என மூன்று விதமாக வரும். தகரத்துக்கு ‘டி’ மட்டும் போட்டவர்களும் உண்டு, ‘டிஎச்’ போட்டவர்களும் உண்டு. இரட்டை மெய் ஒற்றையாகும். ழகரம் பெரும்பாலும் ‘எல்’ ஆகிவிடும். கந்தசாமி ககரத்தில் ‘கே’யிலும் இருப்பார், ‘சி’யிலும் இருப்பார். வேலாயுதம் ‘வி’யிலும் ‘டபிள்யூ’விலும் இருக்கலாம். ஆகவே தேடலைத் தொடங்கும் முன் ஒரு தாளில் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் எழுத முடியும் என்று எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். நினைவிலிருந்து செய்தால் இரண்டை விட்டுவிடுவீர்கள்.

கூடுதல் தகவல் என்ற பகுதி பல இந்திய வீரர்களுக்கு நிரப்பப்பட்டிருக்கிறது: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர், இந்த மாவட்டம். அங்கே வரும் மாவட்டம் அன்றைய மாவட்டம். நாமக்கல், தருமபுரிக்காரர்கள் சேலத்தில் இருப்பார்கள். திண்டுக்கல் மதுரைக்குள், விருதுநகரும் சிவகங்கையும் ராமநாதபுரத்துக்குள், வேலூரும் திருவண்ணாமலையும் வட ஆற்காட்டுக்குள் வரும். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அந்தப் பகுதி வீரர்களைத் தமிழக மாவட்டங்களில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். ஊர்ப்பெயர்களும் அன்றைய ஆங்கில வழக்கில்தான் வரும்: டிரிச்சினாப்பொலி, டின்னவெல்லி, டாஞ்சூர், சிங்கிள்பட் என்று.

ஒரு பதிவை உங்களுடையவர் என்று ஏற்க எவை பொருந்த வேண்டும்? படைப்பிரிவோடு சேர்த்து எண் பொருந்தினால் அதுவே போதும். எண் இல்லையென்றால் பெயர், தந்தை அல்லது மனைவி பெயர், ஊர் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். பெயரும் மாவட்டமும் மட்டும் பொருந்தினால் அது ஒரு துப்பு மட்டுமே.

பதிவு கிடைத்ததும் பெயர் பொறிக்கப்பட்டுள்ள தூண் எண் அல்லது பலகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராஞ்சிக்கு நேரில் போனால் அது இல்லாமல் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

தேதியை நம்பலாமா?

பாதி நம்பலாம். சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தில் உள்ள பலருக்கு இறந்த நாள் தெரியாது. காணாமல் போனதாகவோ சிறைப்பட்டதாகவோ அறியப்பட்ட நாளையே ஆணையம் பதிவில் வைத்திருக்கிறது. சிங்கப்பூர் வீழ்ந்த நாள் 15 பிப்ரவரி 1942. உங்கள் வீரரின் இறந்த தேதி அந்த நாளாகவோ அதையொட்டியோ இருந்தால், அன்றுதான் இறந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். ஓராண்டு கழித்துக் கைதிக் கப்பலில் இறந்தவராகவும் இருக்கலாம்.

கப்பல் மூழ்கிய தேதியே இரண்டாக இருப்பதும் உண்டு. ஹாங்காங்கிலிருந்து 1,800-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கைதிகளோடு போன ‘லிஸ்பன் மாரு’ 1942 அக்டோபர் 1 அன்று தாக்கப்பட்டு 2 அன்று மூழ்கியது. நூல்களில் இரண்டு தேதிகளும் வரும்.

இதோடு நேரக் கணக்கும் சேர்கிறது. ஜப்பானியக் கடற்படை எங்கிருந்தாலும் டோக்கியோ நேரத்தில் பதிவு எழுதியது. அது கிரீன்விச்சைவிட 9 மணி முன்னால். இந்தியாவில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை போர்க்கால நேரம் இருந்தது, கிரீன்விச்சைவிட ஆறரை மணி முன்னால். இந்திய நேரம் இரவு 10 மணிக்கு நடந்த தாக்குதல் டோக்கியோ பதிவில் மறுநாள் பின்னிரவு 12.30 என்று இருக்கும். ஒரு நாள் வித்தியாசம் கண்டால் உடனே “இது வேறு கப்பல்” என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கப்பலைக் கண்டுபிடித்தல்

ஆணையத்தின் பதிவில் தரைப்படை வீரருக்குக் கப்பல் பெயர் பொதுவாக இருக்காது. இங்கே ஒரு நல்ல உத்தி உண்டு: பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவையும் தேதியையும் மட்டும் வைத்துத் தேடுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே படைப்பிரிவில் அன்றைக்கு இருபது, முப்பது பேர் ஒரே நினைவுச்சின்னத்தில், ஒருவருக்கும் கல்லறை இல்லாமல் இருந்தால் கப்பல் மூழ்கல் என்று ஐயப்பட இடமுண்டு. அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் ஒருவரும் இல்லையென்றால் ஐயம் வலுக்கும். பிறகு அந்தத் தேதியில் அந்தக் கடற்பகுதியில் மூழ்கிய கப்பல்களின் பட்டியலைப் பாருங்கள். ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தாக்கிய கப்பல்களுக்கு யூபோட்.நெட் தளம் நன்றாக இருக்கிறது.

கைதிக் கப்பல்களில் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அவற்றை மூழ்கடித்தவை பெரும்பாலும் நேசநாட்டு நீர்மூழ்கிகளே. உள்ளே கைதிகள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. 1943 ஜனவரி 26 அன்று நியூகினியின் வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ‘வாஹூ’ மூழ்கடித்த ‘புயோ மாரு’வில் பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 491 இந்தியக் கைதிகள் இருந்தார்கள். அவர்களில் 195 பேர் இறந்தார்கள். வீட்டில் “ஜப்பான்காரன் குண்டு போட்டான்” என்று சொல்லிவந்த சாவு உண்மையில் இப்படி நடந்திருக்கலாம். ஜப்பானியக் கப்பல் பட்டியல்களையும் அமெரிக்க, பிரிட்டிஷ் நீர்மூழ்கிப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். முடிவு எதுவாக இருந்தாலும் வீட்டு முதியவர்களிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அவர்கள் இத்தனை ஆண்டுகள் வேறொரு கதையோடு வாழ்ந்தவர்கள்.

மூழ்கிய இடத்தைக் குறிக்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று: 7 டிகிரி 36 நிமிடம் என்பதை வரைபடச் செயலியில் 7.36 என்று இடுவார்கள். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 36-ஐ 60-ஆல் வகுத்தால் 0.6, எனவே 7.6 என்றே இட வேண்டும். தவறாக இட்டால் அட்சரேகையில் புள்ளி 14 கடல்மைல், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டர் தள்ளிப்போகும். சரியாக இட்டாலும் அது தோராயம்தான். தாக்கிய நீர்மூழ்கி எழுதிய இடமும் கூடப்போன கப்பல் எழுதிய இடமும் சில மைல் வேறுபடும். நினைவுக்கல்லில் டிகிரிக் கணக்கைப் பொறிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. கடலின் பெயரும் அருகிலுள்ள கரையின் பெயரும் போதும்.

காப்பகங்களில் கேட்பது

இந்தியாவில் முதலில் அவரது படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் பயனியர் படைக்கும் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ராணுவ மருத்துவப் படைக்கு லக்னோ, ஆர்டினன்ஸ் படைக்கு செகந்திராபாத். கடிதத்தில் எண், பெயர் (எல்லா எழுத்துக்கூட்டல்களும்), தந்தை பெயர், ஊர், அன்றைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு ஆகியவற்றைத் தந்து, ‘ஷீட் ரோல்’ அல்லது ‘லாங் ரோல்’ பதிவின் நகல் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷீட் ரோல் என்பது தனிக் கோப்பு, அது அழிக்கப்பட்டிருக்கலாம். லாங் ரோல் என்பது சேர்ந்தவர்கள் அனைவரையும் வரிசையாக எழுதிய பேரேடு, அதில் ஒரு வரியாவது கிடைக்க வாய்ப்பு அதிகம். “என் தாத்தாவைப் பற்றிய விவரம் தேவை” என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும்.

லண்டனில் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் மூன்று வரிசைகள் முக்கியம். டபிள்யூ.ஓ. 361 என்பது காணாமல் போன தரைப்படையினர் பற்றிய விசாரணைக் கோப்புகள். கப்பல் வாரியாகவும் படைப்பிரிவு வாரியாகவும் இருக்கும், தப்பியவர்களின் வாக்குமூலங்களும் சிலவற்றில் உண்டு. ஏ.டி.எம். 358 கடற்படையினருக்கு. பி.டி. 381 வணிகக் கப்பல்களின் பணியாளர் பட்டியல்கள். இந்தக் கடைசி வரிசை கப்பலின் பெயரால் அல்ல, கப்பலின் அதிகாரப்பூர்வ எண்ணால் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை லாய்ட்ஸ் ரிஜிஸ்டர் தொகுதிகளில் பார்த்து வைத்துக்கொண்டு கேளுங்கள். வணிகக் கப்பல் பணியாளரைத் தேடுபவர்கள் பதவிப்பெயர்களையும் தெரிந்திருக்க வேண்டும்: செராங் (பணியாளர் குழுவின் தலைவர்), டிண்டல் (செராங்குக்கு அடுத்தவர்), பண்டாரி (சமையல்காரர்), ஃபயர்மேன் (கொதிகலனுக்குக் கரி போடுபவர்), டிரிம்மர் (கரி எடுத்துக் கொடுப்பவர்). குடும்பத்தில் “கப்பலில் பெரிய அதிகாரி” என்று சொல்லப்பட்டவர் செராங்காக இருந்திருப்பார். முப்பது, நாற்பது பேரைக் கட்டி மேய்த்த பொறுப்பு அது.

அசல் தாள்களையும் பதக்கங்களையும் எவருக்கும் அனுப்ப வேண்டாம். எந்தக் காப்பகமும் தேடலுக்கு அசலைக் கேட்பதில்லை.

பெயர் விடுபட்டிருந்தால், பிழையாக இருந்தால்

விடுபட்டிருப்பது அரிதல்ல. ஆணையமே 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் உலகப் போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணிக்கை 3,50,000 வரையிலும் இருக்கலாம் என்றும் சொன்னது. ஆகவே பெயர் இல்லை என்றால் அவர் படையில் இல்லை என்று பொருளல்ல. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

ஆணையத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் நிறுவ வேண்டியவை இரண்டு: அவர் படைப்பணியில் இருந்தார், குறிப்பிட்ட தேதிகளுக்குள் இறந்தார். தரைப்படை, கடற்படையினர் பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் தகுதி உண்டு. வணிகக் கப்பல் பணியாளருக்கு மட்டும் போர்ச்செயலால் இறந்தார் என்று காட்ட வேண்டும். புயலில் மூழ்கிய கப்பல் இதில் வராது.

அக்காலத்துத் தாள்தான் சான்றாகும்: தந்தி, ஓய்வூதிய ஆணை, படைப்பிரிவுக் கடிதம், லாங் ரோல் நகல். இன்று நோட்டரி முன் எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து யாரையும் சேர்க்க மாட்டார்கள். தமிழ்த் தாள் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே விண்ணப்பத்தில் ஒரே வேண்டுகோள்: எழுத்துக்கூட்டல் திருத்தம் என்றால் அதை மட்டும். பதில் வர மாதங்கள் ஆகும், கல்லில் பெயர் ஏற அதற்கும் மேலே ஆகும். ஆனால் இணையப் பதிவு முதலில் திருந்தும்.

நினைவு நிறுத்துதல்

நேரில் போக முடிந்தால் போங்கள். கிராஞ்சியில் தூண் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தேடுங்கள். உச்சி வெயிலில் வெள்ளைக் கல்லில் எழுத்து தெரியாது, படத்திலும் பதியாது. எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணாம்பு, மெழுகு, எண்ணெய், சந்தனம் எதையும் கல்லில் பூசாதீர்கள். பம்பாய் நினைவுச்சின்னம் மஸ்ஜித் பந்தர் பகுதியில் மாலுமிகள் இல்லத்துக்குள் இருக்கிறது. அங்கே பெயர்கள் ஏட்டில் உள்ளன. புழங்கும் கட்டடம் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

கப்பல் கிடக்கும் இடத்துக்கு முக்குளிக்கப் போகும் ஆசை சிலருக்கு வரும். பார்க்கலாம், தொடக் கூடாது. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தானுக்கு அப்பால் மூழ்கிய ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ இரண்டிலும் 840 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல்களைப் பழைய இரும்புக்காகத் திருட்டுத்தனமாக உடைத்து எடுத்திருக்கிறார்கள். அங்கிருந்து வந்த ஓர் ஆணியைக்கூட விலைக்கு வாங்காதீர்கள்.

ஆண்டுதோறும் எந்த நாளில் நினைவுகூர்வது? கப்பல் மூழ்கிய தேதி உறுதியானால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திதி குறித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நேரக் கணக்கைப் பார்த்த பிறகு குறியுங்கள். உறுதியாகாவிட்டால் மகாளய அமாவாசையோ ஆடி, தை அமாவாசையோ வைத்துக்கொள்வது வழக்கம். கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் கேட்டு முடிவு செய்யலாம். கடலில் பூ விடுவதென்றால் நார், நூல், பிளாஸ்டிக் இல்லாத உதிரிப்பூ மட்டும்.

கல் வைப்பதென்றால் வாசகத்துக்கு நம் நடுகற்களே நல்ல முன்மாதிரி. செங்கம் பகுதி நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாம் ஆட்சியாண்டு, எந்தப் பூசல், யார் பட்டார் என்பது சில வரிகளில் முடிந்துவிடும். அடைமொழி மிகக் குறைவு. அதே வரிசையில் எழுதுங்கள்: பெயர், எண், பதவி, படைப்பிரிவு, இன்னாரின் மகன், இன்ன ஊர், எந்தப் போர், எந்தக் கப்பல், எந்தக் கடல், எந்தத் தேதி, பெயர் பொறிக்கப்பட்டுள்ள நினைவுச்சின்னமும் தூண் எண்ணும். தேதி ஐயமாக இருந்தால் மாதமும் ஆண்டும் போதும். கப்பல் ஐயமாக இருந்தால் “கடலில் மறைந்தார்” என்று மட்டும் எழுதுங்கள். உறுதியில்லாததைக் கல்லில் ஏற்றினால் அடுத்த தலைமுறை அதையே சான்றாக எடுத்துக்கொள்ளும்.

கல்வெட்டுபவரிடம் கொடுக்கும்போது நடக்கும் கோளாறுகள் தெரிந்தவையே. கணினிக் கோப்பாகக் கொடுத்தால் அவருடைய பழைய எழுத்துருவில் ஒற்றைக்கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஆகவே பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள், கூடவே அச்சிட்ட தாளும் கொடுங்கள். கருங்கல்லில் சிறிய எழுத்தாக வெட்டினால் மெய்யெழுத்துப் புள்ளிகள் காணாமல் போகும். எழுத்தின் உயரம் குறைந்தது 2 செ.மீ. இருக்கட்டும். வெட்டும் முன் கல்லின் அளவிலேயே தாளில் எடுத்த படியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் மூலத்தை எழுத்தெழுத்தாக வாசிக்க மற்றவர் படியில் விரல் வைத்துச் சரிபாருங்கள். ன-ண, ர-ற, ல-ள-ழ, எண்கள், ஆண்டு ஆகியவற்றை இரண்டாவது முறையும் பாருங்கள். பித்தளைத் தகடு உப்புக்காற்றில் கறுத்துவிடும். கடலோர ஊரென்றால் கருங்கல்லோ 316 தர எவர்சில்வரோ நல்லது.

திரட்டிய எல்லாவற்றையும் மூன்று படிகளாக்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரிலிருக்கும் உறவினரிடம், ஒன்று அவரது படைப்பிரிவின் பதிவு அலுவலகத்துக்கு. முதல் பக்கத்தில் எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதோடு, எங்கெல்லாம் தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். பின்னால் தேட வருபவருக்கு அந்த இரண்டாவது பட்டியல்தான் அதிக நேரத்தை மிச்சப்படுத்தும்.